ஒன்பது வருட மஸ்டாங்கும் அந்த நீளக் கதவும்

போன வாரம் கூட வேலை பார்க்கும் தம்பி ஒருவன் போன் செய்தான். "அண்ணா, 2017 மஸ்டாங் ஜிடி ஒண்ணு விலை இறங்கியிருக்கு. உங்களுது மாதிரியே மேனுவல். வாங்கிடலாமா?" மஸ்டாங் என்பது ஃபோர்டின் இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார், ஜிடி அதில் பெரிய எஞ்சின் உள்ள மாடல். மார்ச்சில் குழந்தை பிறக்கப் போகிறது, வீட்டில் இப்போதைக்கு ஒரே கார்தான் என்பதையும் அவனே சொன்னான். அன்றைக்குச் சாயங்காலம்தான் என் வண்டியின் வலது கதவு பெயிண்ட் வேலை முடிந்து வந்திருந்தது. நான் கடும் எரிச்சலில் இருந்தேன். அந்த எரிச்சலோடு எதையாவது சொன்னால் வண்டிக்குச் செய்யும் அநியாயம் என்று தோன்றியது. ஒரு வாரம் பொறு, சொல்கிறேன் என்றேன். அந்த ஒரு வாரம் யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என்னுடையது 2015 மாடல், அந்த வருட வசந்தத்தில் புதிதாக வாங்கியது. 5 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சின், 435 குதிரைத்திறன், ஆறு கியர், வேகமாக ஓட்டுவதற்கென்று கூடுதல் பாகங்கள் தரும் பெர்ஃபார்மன்ஸ் பேக்கேஜ். இதுவரை 74 ஆயிரம் மைல் ஓடியிருக்கிறது. மிச்சிகனில் டெட்ராய்ட்டுக்கு மேற்கே குடியிருக்கிறோம். இந்த வண்டியைச் செய்த ஃப்ளாட் ராக் ஆலை பக்கத்து ஊர் மாதிரிதான். பார்க்கிறவர்கள் எல்லாரும் அதே மூன்று கேள்விகளைக் கேட்பார்கள்: பெட்ரோல் எவ்வளவு குடிக்கும், பனியில் எப்படி ஓட்டுகிறீர்கள், சாமான் வைக்க இடம் இருக்கிறதா. ஒன்பது வருடத்தில் இந்த மூன்றும் என்னைத் தொந்தரவு செய்ததே இல்லை.

அரசாங்கக் கணக்குப்படி மேனுவல் ஜிடி நகரத்துக்குள் காலனுக்கு 15 மைல், நெடுஞ்சாலையில் 25 மைல் கொடுக்க வேண்டும். எனக்கும் கிட்டத்தட்ட அதுதான் கிடைக்கிறது. ஆறாவது கியரில் போட்டுவிட்டு சீராக ஓட்டினால் சிகாகோ வரைக்கும் நிறுத்தாமல் போகலாம். டிக்கி 13.5 கன அடி. பின்சீட்டையும் மடக்கிக்கொள்ளலாம். ஏர்போர்ட்டிலிருந்து இரண்டு பெரிய பெட்டி, ஊர் மிளகாய்ப்பொடி மணக்கும் ஒரு அட்டைப்பெட்டி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறோம். அடுத்த வருடம் வந்த போட்டி வண்டி, செவர்லே கமேரோவின் டிக்கி 9.1 கன அடிதான். அதில் இதெல்லாம் நடக்காது.

பனிக்கு ஒரே நிபந்தனை டயர். பெர்ஃபார்மன்ஸ் பேக்கேஜோடு வருவது கோடைக்கால டயர். வெப்பநிலை ஏழு டிகிரிக்குக் கீழே போனால் அந்த ரப்பர் விறைத்துவிடும். பனியே விழ வேண்டாம், வெறும் குளிர்ந்த தார் ரோட்டிலேயே பின்பக்கம் விலகும். முதல் நவம்பரில் ஒரு காலை நேரம், சிக்னலிலிருந்து இரண்டாவது கியருக்கு மாற்றியபோது அதை உணர்ந்தேன். அன்றைக்கே வின்டர் டயர் ஒரு செட், தனி வீலோடு வாங்கிவிட்டேன். நவம்பர் முதல் வாரம் மாற்றிவிட்டால் ஏப்ரல் வரை கவலை இல்லை. ஆறு அங்குலத்துக்கு மேல் பனி கொட்டினால் வண்டியின் வயிறு தட்டும், அன்றைக்கு மட்டும் வெளியே எடுப்பதில்லை.

இந்த வண்டி மேல் எனக்கு இத்தனை பிரியம் வரக் காரணம் வி8 என்று எல்லாரும் நினைக்கிறார்கள். சத்தம் எனக்கும் பிடிக்கும்தான். ஆனால் என்னைக் கட்டிப்போட்டது பின்பக்க சஸ்பென்ஷன். 1964-இல் வந்ததிலிருந்து ஐம்பது வருடம், ஒன்றிரண்டு ஸ்பெஷல் மாடல்களைத் தவிர, மஸ்டாங்கின் பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே ஆக்சிலில் இறுகப் பூட்டியிருந்தன, மாட்டு வண்டி அச்சு மாதிரி. ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் மற்றச் சக்கரமும் அதோடு சேர்ந்து சாயும். நேர்கோட்டில் பறக்க அது போதும். தினமும் ஆபீஸ் போய்வர அது தண்டனை. 2015-இல் வண்டியை மொத்தமாக மாற்றி அமைத்தபோதுதான் எல்லா மாடலுக்கும் இரண்டு பின்சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும்படி செய்தார்கள்.

மிச்சிகன் ரோடுகளைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். குளிர்காலத்தில் விரிசலுக்குள் இறங்கிய தண்ணீர் உறைந்து விரியும், பிறகு உருகும், மறுபடி உறையும். மார்ச் மாதம் வரும்போது ரோடு பணியாரச் சட்டி மாதிரி ஆகிவிடும். எங்கள் வீட்டுக்குத் திரும்பும் எக்ஸிட் வளைவின் நடுவில் ஒரு பாலத்து இணைப்பு துருத்திக்கொண்டு நிற்கிறது. நண்பரின் 2012 ஜிடியை அதில் ஓட்டியிருக்கிறேன். இணைப்பில் ஏறியதும் பின்பக்கம் ஒரு சாண் பக்கவாட்டில் துள்ளும், ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிக்க வேண்டும். என் வண்டியில் அதே இடத்தில் அடியில் "தட்" என்று ஒரு சத்தம் மட்டும் கேட்கும். வளைவில் கோடு மாறாது, ஆக்சிலரேட்டரிலிருந்து காலைக்கூட எடுக்க வேண்டியதில்லை. ஒன்பது வருடமாகத் தினமும் சாயங்காலம் அந்த "தட்" கேட்கும்போது எனக்குள் ஒரு சந்தோஷம் வருகிறது. அதைச் செய்த பொறியாளர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். வேகமான வண்டியைத் தினசரி வண்டியாக்கியது அந்த ஒரு மாற்றம்தான்.

அப்புறம் கதவு.

கல்யாணமாகி இருவர் மட்டும் இருந்தவரை அந்தக் கதவு எங்களுக்கு ஒரு விஷயமே இல்லை. 2018 டிசம்பரில் மகள் பிறந்தாள். அமெரிக்காவில் குழந்தை பின்பக்கம் பார்த்தபடி உட்காரும் சீட்டில்தான் போக வேண்டும். அதைப் பின்சீட்டில் மாட்டும் கொக்கிகள் இந்த வண்டியில் ஒழுங்காக இருக்கின்றன, குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தச் சீட்டை மாட்டியதும் முன் சீட்டை டாஷ்போர்டு வரை தள்ள வேண்டியிருந்தது. அதில் யாரும் உட்கார முடியாது. என் மனைவி இரண்டு வருடம் பின்சீட்டில் குழந்தை பக்கத்தில், தலையைச் சாய்த்தபடிதான் வந்தாள். பின்கண்ணாடி சரிந்து வருவதால் அங்கே நிமிர்ந்து உட்கார முடியாது.

ஒரு ஜனவரி ராத்திரி மறக்கவே மாட்டேன். கோவிலில் ஒரு விசேஷம் முடிந்து வெளியே வந்தோம். மகள் தோளில் தூங்கிவிட்டாள். வெளியே மைனஸ் பத்து இருக்கும். வண்டிக்குப் பக்கத்தில் ஒரு வேன் ஒட்டி நிறுத்தியிருந்தார்கள். நாலடிக் கதவு அது. முழுக்கத் திறந்தால்தான் உள்ளே நுழைய வழி கிடைக்கும். அங்கே அரை அடிக்கு மேல் திறக்க வழியில்லை. மனைவியைக் குழந்தையோடு விளக்குக் கம்பத்தடியில் நிற்கவைத்துவிட்டு, எதிர்ப்பக்கம் வழியாக ஏறி வண்டியை நடு வழிக்கு எடுத்தேன். பின்னால் நாலு கார் ஹெட்லைட்டோடு காத்திருக்க, முன் சீட்டை மடக்கி, ஒரு காலை உள்ளே ஊன்றி, இடுப்பை முறுக்கி, குழந்தையை இறக்கினேன். குளிர்கோட்டைக் கழற்றாமல் பெல்ட் போடக்கூடாது, தளர்ந்துவிடும். கோட்டைக் கழற்றியதும் விழித்துக்கொண்டாள். மார்புக் கிளிப் விரலுக்கு அகப்படவில்லை, விரல் மரத்துவிட்டது. அவள் அழ, பின்னால் ஒருவர் ஹாரன் அடிக்க, "விடு, நான் பார்த்துக்கிறேன்" என்று மனைவி என் முதுகுக்குப் பின்னால் சொன்னாள். அவள் உள்ளே வர நான் வெளியே வந்தாக வேண்டும். அந்த வாசலில் இரண்டு பேருக்கு இடமில்லை.

ஊரிலிருந்து அம்மா வந்திருந்தபோது இன்னொரு விதம். முட்டி வலி உள்ளவர், பின்சீட்டுக்கு ஏற்றும் பேச்சே இல்லை. முன் சீட்டே தாழ்வு. புடவையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறுகையால் என் தோளைப் பற்றி இறங்கி உட்கார்ந்துவிட்டு, கதவை இழுத்துச் சாத்த முயன்றார். கதவின் பிடி அவர் கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. "ஏம்பா, இவ்வளவு பெரிய வண்டிக்கு நாலு கதவு வெக்க மாட்டானா?" என்றார். நான் இறங்கிச் சுற்றி வந்து சாத்தினேன். அம்மா இருந்த ஆறு மாதமும் அப்படித்தான்.

பெயிண்ட் வேலைக்குக் காரணமும் இதே கதவுதான். பார்க்கிங் கட்டடம் ஒன்றில், என் மகள் இறங்குவதற்காக வலது கதவைத் திறந்தேன். பக்கத்துத் தூணுக்கும் கதவுக்கும் நடுவில் ஒரு விரல்கூட இல்லை. காற்று ஒரு தள்ளு தள்ளியது. கதவு நீளமாக இருந்தால் எடையும் அதிகம், ஓரத்தில் விசையும் அதிகம். விளிம்பில் மூன்று அங்குலத்துக்குப் பெயிண்ட் போய் உலோகம் தெரிந்தது. கொடுத்த பட்டறையில் முதல் தடவை நிறம் ஒத்துப்போகவில்லை, மறுபடி விட்டு வாங்க வேண்டியதாயிற்று. இந்தக் கதவின் ஓரத்தில் இது மூன்றாவது காயம்.

இன்னொன்றையும் தம்பியிடம் மறைக்கக்கூடாது. 2017 ஜனவரியில், கார்களை மோதவிட்டுப் பாதுகாப்பைச் சோதிக்கும் யூரோ என்கேப் அமைப்பு ஐரோப்பாவில் விற்ற மஸ்டாங்கைச் சோதித்து இரண்டு நட்சத்திரம்தான் கொடுத்தது. மோதும் நொடியில் இழுத்துப் பிடிக்கும் ப்ரீடென்ஷனர் பின்சீட்டு பெல்ட்டுகளில் இல்லை என்பது அவர்கள் சொன்ன குறைகளில் ஒன்று. அமெரிக்க அரசின் சோதனையில் 2015 மாடல் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. இரண்டு சோதனையும் பார்க்கும் விஷயம் வேறு வேறு. எனக்கு அந்த ஐந்து நட்சத்திரம் அப்போது போதுமாக இருந்தது. ஐரோப்பியச் சோதனையைப் படித்தது மகள் பிறந்த பிறகு. அதிலிருந்து நீண்ட பயணம் என்றால் மனைவியின் நாலு கதவு வண்டியில்தான் போகிறோம்.

மகளுக்கு இந்த டிசம்பரில் ஆறு வயது ஆகப் போகிறது. இப்போது அவளே முன் சீட்டை மடக்கி, உயரம் கூட்டும் பூஸ்டர் சீட்டில் ஏறி, பெல்ட் போட்டுக்கொள்கிறாள். மஸ்டாங் என்றால் அவளுக்கு உயிர். ஆகஸ்ட் மூன்றாவது சனிக்கிழமை வுட்வர்ட் அவென்யூவில் பழைய வண்டிகள் எல்லாம் வரிசையாக ஊர்ந்து போகும் ட்ரீம் க்ரூஸுக்கு அவளைக் கூட்டிப்போனேன். பின்சீட்டு ஜன்னல் இறங்காது, ஏசி காற்றும் தனியாக வராது. மேலே சரிந்த கண்ணாடி வழியாக வெயில் தலையில் இறங்கிக்கொண்டிருந்தது. முகம் சிவந்து வேர்த்துக்கொண்டே, கண்ணாடியில் உள்ளங்கையை ஒட்டி வைத்து, போகிற வருகிற வண்டிக்கெல்லாம் கையசைத்தாள். இறங்க மாட்டேன் என்றாள். இன்னும் ஐந்தாறு வருடத்தில் அவள் தலை அந்தக் கண்ணாடியில் இடிக்கும்.

இதே பணத்துக்கு டாட்ஜ் கம்பெனியின் சேலஞ்சர் பார்க்கலாம் என்று தம்பிக்குச் சிலர் சொல்லியிருக்கிறார்கள். பின்சீட்டும் பெரிது, டிக்கியும் 16.2 கன அடி. அது உண்மை. ஆனால் அதற்கும் இரண்டே கதவுதான், அவையும் நீளம்தான். சேலஞ்சரும் கமேரோவும் 2023 முடிவோடு உற்பத்தியிலிருந்து போய்விட்டன. 2024 மாடலாகப் புதிதாக வந்த மஸ்டாங்கை ஷோரூமில் போய்ப் பார்த்தேன். திரை பெரிதாகியிருக்கிறது, கதவு அப்படியேதான் இருக்கிறது.

தம்பிக்கு என் பதில்: வாங்காதே. இந்த ஒன்பது வருடத்தில் எஞ்சின் என்னை ஒரு நாளும் நடுரோட்டில் நிறுத்தியதில்லை. இவ்வளவு விலைக்குள் இப்படி ஓடும் வண்டி வேறு கிடையாது. என்னுடையதை நான் விற்கப் போவதும் இல்லை. அப்படியும் வாங்காதே என்றுதான் சொல்வேன். எங்கள் வீட்டில் இன்னொரு வண்டி இருந்தது. உன் வீட்டில் இல்லை. கைக்குழந்தையோடு முதல் குளிர்காலத்தை ஒரே ஒரு மஸ்டாங்கில் கழிக்க வைத்தால், உன் மனைவி அந்த வண்டியை வெறுத்துவிடுவாள். நல்ல வண்டிக்கு அந்தக் கதி வரக்கூடாது.

நான் சொன்னால் அவன் கேட்பானா என்று தெரியவில்லை. அதனால் வரும் சனிக்கிழமை இருவரையும் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். வாங்கிவைத்திருக்கும் குழந்தை சீட்டையும் எடுத்து வர வேண்டும். அதில் ஒரு ஐந்து கிலோ அரிசிப் பையைக் கட்டி, பக்கத்தில் வேனை ஒட்டி நிறுத்திவிட்டு, மூன்று தடவை ஏற்றி இறக்கிப் பார்க்கட்டும். மனைவியும் பின்சீட்டில் பத்து நிமிடம் உட்கார்ந்து பார்க்கட்டும். அதற்கப்புறம் சாவியைக் கொடுக்கிறேன், அந்த எக்ஸிட் வளைவு வரை போய்வரட்டும். வின்டர் டயர் மாட்டியாயிற்று.