பழைய அச்சா, புது அச்சா? குப்பத்து ஃபைபர் படகு ஓர் ஒப்பீடு

போன மாதம் என் மச்சான் இரண்டு படகுகளின் படத்தைப் போனில் காட்டினான். இரண்டும் ஃபைபர். ஒன்று சுனாமிக்குப் பிறகு வந்த அச்சு (படகை வார்த்தெடுக்கும் வடிவம்), 28 அடி, பழசு. இன்னொன்று இப்போது பட்டறையில் போடுகிற அச்சு, 32 அடி, புத்தம்புதுசு. "பெருசாவே எடுத்துடலாம்ல மாமா?" என்றான். காசிமேட்டில் ஃபைபருக்குப் பேட்ச் போடுகிறவன் என்பதால் என்னிடம் எல்லாரும் நீளத்தையும் ஹெச்பியையும்தான் கேட்பார்கள். நான் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: "எந்தக் கரையில ஏத்தப் போற?"

வெளிநாட்டில் மாடியில் ஸ்டியரிங் வைத்த சொகுசுப் படகுகள் வருகின்றன. ஒவ்வொரு புது மாடலுக்கும் பெயர், எண், வழவழப்பான புத்தகம் எல்லாம் உண்டு. நம் படகுக்கு அதெல்லாம் கிடையாது. ஒரு பட்டறைக்காரர் நன்றாக ஓடுகிற படகிலிருந்து அச்சு எடுப்பார். அடுத்தவர் அதையே கொஞ்சம் அகலமாக்குவார். அதற்கடுத்தவர் பக்கச் சுவரை உயர்த்துவார். மாடல் மாறியது யாருக்கும் தெரியாது, மண்ணில் தள்ளும்போது தோள்பட்டைக்குத்தான் தெரியும்.

இதற்கெல்லாம் மூத்தது கட்டுமரம். அப்பா அதை வெறுமனே 'மரம்' என்றுதான் சொல்வார். ஏறிவரும் அலை கட்டைகளுக்கு நடுவே புகுந்து போய்விடும், கவிழ்ந்தாலும் மூழ்காது. கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து ஒவ்வொரு கட்டையாகத் தோளில் தூக்கிக் காயப் போடுவார்கள். கரையேறுகிற விஷயத்தில் அதை மிஞ்ச இன்னும் ஒன்று வரவில்லை. ஆனால் இடுப்புவரை நனைந்துகொண்டு எவ்வளவு தூரம் போவது, எவ்வளவு மீன் ஏற்றுவது? ஆங்கிலத்தில் கேட்டமரன் என்று போனது இந்தப் பெயர்தான். இப்போது அந்தச் சொல்லுக்கு ஏசி அறை வைத்த இரட்டை உடல் படகு என்று அர்த்தமாம். இருக்கட்டும்.

1979-இல் ஐநா உணவு வேளாண்மை அமைப்பு, வங்காள விரிகுடாத் திட்டம் என்று ஒன்றை நம் சென்னையில் வைத்து ஆரம்பித்தது. துறைமுகம் இல்லாத, அலையடிக்கிற கரையில் ஏறி இறங்கும் படகு வேண்டும் என்பது அவர்கள் வேலைகளில் ஒன்று. இன்ஜினைப் பெட்டியோடு சாய்த்து, காத்தாடியை, அதாவது படகைத் தள்ளும் புரொப்பல்லரை, மேலே தூக்கிக்கொள்ளும் ஏற்பாடு செய்தார்கள். சரியான இடத்தில் கை வைத்தார்கள் என்பேன். அதே வேலையை லாங் டெயில் இன்ஜின் இன்னும் மலிவாகச் செய்தது. நீளமான தண்டின் நுனியில் காத்தாடி இருக்கும், கரை நெருங்கும்போது கைப்பிடியை ஒரு அழுத்து அழுத்தினால் காத்தாடி தண்ணீருக்கு மேலே வந்துவிடும். டீசல் குறைவாகக் குடிக்கும். சத்தமும் அதிர்வும்தான் காதையும் கையையும் தின்றுவிடும். படகின் பின்புறம் வெளியே மாட்டுகிற அவுட்போர்டு இன்ஜின் அமைதி, வேகம், ஆனால் எண்ணெய்ச் செலவு அதிகம், மணலில் பட்டால் காத்தாடி காலி.

2004 டிசம்பர் 26-க்குப் பிறகு நிவாரணமாக ஃபைபர் படகுகள் வந்து குவிந்தன. கட்டுமரம் கரையிலிருந்து பெரும்பாலும் காணாமல் போனதே அதற்கப்புறம்தான். அவசரத்தில் செய்தவற்றில் நல்லதும் உண்டு, காகிதம் மாதிரி மெலிந்ததும் உண்டு. ஆனால் அந்தக் காலத்து அச்சு நல்ல அச்சு. அடிப்பாகம் கொஞ்சம் தட்டை, பக்கச் சுவர் தாழ்வு. உட்கார்ந்தபடியே வலையை வாரி உள்ளே போடலாம். ஆறு பேர் சேர்ந்தால் மணலில் ஏற்றிவிடலாம். வாடைக்காற்று வீசும் மாதங்களில் தண்ணீர் உள்ளே தெளிக்கும், அது அதன் குறை.

புது அச்சில் அந்தக் குறை இல்லை. அணியம் (படகின் முன்பக்கம்) தூக்கலாக இருப்பதால் அலை முகத்தில் அடிக்காது. ஐஸ் பெட்டிக்கு இடம் இருக்கிறது, ராத்திரி தங்கி வஞ்சிரத்துக்கு வலை விடலாம். ஆனால் சுவர் உயர்ந்துவிட்டதால் வலையைக் குனிந்து இழுக்க வேண்டும். இரண்டு வருஷம் இழுத்தவர்களின் இடுப்பைக் கேட்டுப் பாருங்கள். எடையும் கூடிவிட்டது, பத்துப் பன்னிரண்டு பேர் தள்ளினாலும் அசையாது, டிராக்டர்தான் இழுக்க வேண்டும்.

டிராக்டர் எங்கே நிற்கும்? மணல் இருந்தால்தானே! சென்னைத் துறைமுகச் சுவர் கட்டிய பிறகு தெற்கிலிருந்து வரும் மணல் அங்கேயே தங்கி மெரினா அகலமானது, வடக்கே எங்கள் கரையைக் கடல் தின்றது. இப்போது ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை பெரும்பாலும் கருங்கல். குறுக்கே போட்ட கல் நீட்டல்களுக்கு நடுவே தேங்கிய மணலில்தான் படகு ஏறுகிறது. துறைமுகத்துக்குள் கட்டி வைக்கிறவருக்கு 32 அடி சொகுசு, தள்ள வேண்டிய வேலையே இல்லை. கல் நீட்டலுக்கு நடுவே ஒரு துண்டு மணலை நம்பியிருப்பவருக்கு அதுவே தினசரித் தொல்லை. மச்சான் இரண்டாவது ரகம்.

அப்போ பழைய படகுதானே என்று உடனே அட்வான்ஸ் கொடுக்கக் கிளம்பினான். படகைப் பார்த்துவிட்டு வரலாம் என்றேன். எண்ணூர்ப் பக்கம் ஓடிய படகு. 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து முகத்துவாரம் முழுக்கப் பரவியதே, அந்தக் கறை துடைத்தும் போகவில்லை. ஒரு விதத்தில் அதுவே நமக்கு உதவி. மேல்பூச்சில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புக்குள் எண்ணெய் இறங்கி, தலைமுடி மாதிரி கறுப்புக் கோடுகளாக நிற்கிறது. ஏரா (படகின் அடித்தண்டு) பக்கம் அந்தக் கோடுகள் கொத்தாக இருந்தன. ஒரு ரூபாய்க் காசால் தட்டிக்கொண்டே வந்தேன். நல்ல இடத்தில் 'டக் டக்' என்று கேட்கும். இங்கே 'தொத் தொத்' என்றது. உள்ளே அடைத்த ஃபோம் ஊறியிருந்தால் அப்படித்தான் கேட்கும். கீழே சின்னத் துளை போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு உரிமையாளர் தலையை ஆட்டினார். துளையிலிருந்து டீ குடித்து முடிக்கும்வரை தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. 28 அடிப் படகு, ஆனால் தள்ளினால் 32 அடியின் கனம்.

துளையை அடைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன், அதற்குக் காசு வாங்கவில்லை. மச்சானுக்குச் சொன்னது: அச்சு இதுதான், படகு இது இல்லை. அதே பழைய அச்சில் புதுசாக ஒன்று போட்டுத் தர ஒரு பட்டறை ஒத்துக்கொண்டிருக்கிறது. அணியத்தை மட்டும் அரை அடி உயர்த்தச் சொல்லியிருக்கிறோம், சுவரைத் தொட வேண்டாம் என்று இரண்டு முறை சொல்லிவிட்டேன். இன்ஜின் லாங் டெயில். அதில் மட்டும் அவனுக்கு இன்னும் மனசு வரவில்லை.