சிக்னலை மாற்றும் கருவியா, போலீஸுக்கு ஒரு போனா?

கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் கோவை ஆஸ்பத்திரிக்கு ஆள் ஏற்றிப் போகும் டிரைவர்களிடம் பேசினால், "சிக்னலைப் பச்சையாக்குற மெஷின் ஆன்லைன்ல கிடைக்குதாமே" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். அப்படியொன்று இருப்பது உண்மைதான். அமெரிக்காவின் ஆப்டிகாம் முறையில் ஆம்புலன்ஸ் மேலுள்ள விளக்கு நொடிக்குச் சுமார் 14 தடவை அகச்சிவப்பு ஒளியைச் சிமிட்டும். சந்திப்பில் பொருத்திய உணரி (சென்சார்) அதைப் பிடித்துப் பச்சை கொடுக்கும். ஹெட்லைட்டை டிம்-பிரைட் அடித்தால் இது நடக்காது. கை அந்த வேகத்துக்கு வராது.

இதைப் போலவே சிமிட்டும் கருவிகள் தனியார் கைக்கும் போய்ச் சேர்ந்தன. அதனால் 2005இல் அங்கே சட்டம் வந்தது: அனுமதியில்லாதவருக்கு விற்றால் ஓராண்டு வரை, பயன்படுத்தினால் ஆறு மாதம் வரை சிறை. பிறகு வண்டிக்கு வண்டி அடையாள எண், ஜிபிஎஸ் எல்லாம் சேர்ந்ததால் வெறும் சிமிட்டலை ஏற்காத அமைப்புகளும் வந்துவிட்டன.

சரி, கேரள-தமிழக எல்லையான வாளையார் தாண்டி அதைக் கொண்டுவந்தால்? நம் சிக்னல்கள் பெரும்பாலும் டைமரில் ஓடுகின்றன, அல்லது போலீஸ்காரர் கையில் இருக்கின்றன. உணரியே இல்லாத கம்பத்தைப் பார்த்துச் சிமிட்டி என்ன பயன்? கோவையில் பல சந்திப்புகளில் சிக்னலையே எடுத்துவிட்டு யூ-டர்ன் வைத்துவிட்டார்கள், அங்கே மாற்றுவதற்கு எதுவுமே இல்லை. தப்பித்தவறி வேலை செய்தாலும் மோட்டார் வாகனச் சட்டம் 116ஆம் பிரிவு சிக்னலில் கைவைப்பதைத் தடுக்கிறது.

சிக்னலை மாற்றும் என்று சொல்லிப் பைக்கின் அடியில் ஒட்டும் காந்தமும் வெறும் காசு தண்டம். சொந்த வண்டியில் சைரன் மாட்டுவதும் விதிமீறல். சிவப்பைத் தாண்டினால் 184ஆம் பிரிவில் 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், சிறையும் உண்டு. போதாக்குறைக்குக் கேரளத்தில் 2023இல் வந்த 726 கேமராக்களில் சிவப்பைத் தாண்டுவோரைப் பிடிப்பதற்கென்றே சில இருக்கின்றன.

என் ஓட்டு, போன் போட்டுச் சொன்னால் போலீஸ் வழியை ஒழித்துத் தரும் ஏற்பாட்டுக்கே. 2019 ஏப்ரலில் மங்களூரிலிருந்து ஒரு பச்சிளங்குழந்தையை ஏற்றிக்கொண்டு கொச்சிக்குச் சுமார் 400 கி.மீ. ஐந்தரை மணி நேரத்தில் வந்தது ஓர் ஆம்புலன்ஸ். போலீஸும் ஊர்மக்களும் வழியை ஒழித்துக் கொடுத்ததால்தான் அது முடிந்தது. ஆனால் எல்லா நோயாளிக்கும் அப்படிச் செய்ய ஆள்பலம் கிடையாது. எல்லை தாண்டுவதென்றால் இரண்டு மாநிலப் போலீஸும் பேசிக்கொள்ள வேண்டும். அன்றாடத்துக்கு 108தான். ஆம்புலன்ஸுக்கு வழிவிடாதவருக்கு 194இ பிரிவில் 10,000 ரூபாய் அபராதம் உண்டு. நம் காரை மறிப்பவருக்கு அது பொருந்தாது.