கிளாட் ஸ்கோரை ‘லிங்க்’ பண்ணித் தருகிறேன் என்று சொன்னால் நம்பாதீர்கள்

மதுரையில் ஒரு கன்சல்டன்சியிடம் 18,000 ரூபாய் ஏமாந்தேன். புகார் கொடுத்திருப்பதால் பெயர் போடவில்லை. சட்டம் படிக்கக் கிளம்பும் பிள்ளை வீட்டில் இருந்தால் இதைப் படித்துவிட்டு அப்புறம் பர்ஸைத் திறங்கள்.

மகள் ப்ளஸ் டூ படிக்கும்போதே டிசம்பரில் கிளாட் எழுதினாள், தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் சேருவதற்கான நுழைவுத் தேர்வு அது. 120 கேள்வி, இரண்டு மணி நேரம், ஒரு தப்புக்குக் கால் மார்க் போகும். 61 சரி, 57 தப்பு, 14.25 கழிந்து கையில் நின்றது 46.75. ரேங்க் ஐந்து இலக்கத்தில். திருச்சி நாவலூர்க்குட்டப்பட்டில் இருக்கிற தேசிய சட்டப் பல்கலைக்கழகம்தான் அவள் ஆசை, அது கிடைக்காது என்று தெரிந்ததும் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அந்த நேரம் பார்த்து அந்தக் கன்சல்டன்சியிலிருந்து ஒருவர் போன் பண்ணினார். நம்பர் எப்படிப் போனதென்று இன்றுவரை தெரியாது. “ஸ்கோரை வீணாக்காதீங்க சார், அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்துல இதை ப்ளஸ் டூ மார்க்கோட லிங்க் பண்ணினா கட்-ஆஃப் ஏறும், அங்க நமக்கு ஆள் இருக்கு” என்றார். நேரில் போனால் சுவர் முழுக்கக் கோட்டு போட்ட பிள்ளைகளின் போட்டோ, மேஜையில் தராசு பொம்மை. ஜிபே பண்ணிவிட்டு வந்தேன். ரசீதில் ‘கல்வி ஆலோசனைக் கட்டணம், திருப்பித் தரப்படாது’ என்று மட்டும்தான் இருந்தது, கிளாட் பற்றி ஒரு எழுத்து இல்லை. அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

மே மாதம் ரிசல்ட், 600-க்கு 551. அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழக விண்ணப்பம் திறந்ததும் மகளே உட்கார்ந்து விவரக் குறிப்பேட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தாள். “அப்பா, இதுல கிளாட்னு ஒரு வார்த்தையே இல்லப்பா” என்றாள். உண்மைதான். அந்தப் பல்கலைக்கழகத்தின் சீர்மிகு சட்டப்பள்ளியோ, அதன் கீழ் வரும் அரசு சட்டக் கல்லூரிகளோ, ஐந்தாண்டுப் படிப்புக்கு ப்ளஸ் டூ மார்க்கை வைத்துத்தான் தரவரிசை, நுழைவுத் தேர்வே கிடையாது. கிளாட் 120-க்கு 120 வாங்கினாலும் அங்கே ஒரு மார்க் ஏறாது, 46.75 வாங்கியதால் ஒரு மார்க் குறையவும் செய்யாது. கிளாட் ரேங்க் முக்கியமாகப் பேசுவது அந்தத் தேர்வை நடத்தும் கூட்டமைப்பில் இருக்கிற தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில், அதுவும் அவர்களே நடத்தும் ஆன்லைன் கவுன்சிலிங்கில். டெல்லி தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்கு கிளாட் செல்லாது, அவர்கள் ஐலெட் என்று தனியாகத் தேர்வு வைக்கிறார்கள்.

திரும்பப் போய்க் கேட்டேன். “லிங்க்னா நாங்க சொன்னது கைடன்ஸ் சார்” என்றார், முகத்தில் ஒரு சலனம் இல்லை. பணத்துக்குப் பதிலாக அடுத்த வருட கிராஷ் கோர்ஸில் பாதிக் கட்டணம் தள்ளுபடியாம்! ரசீது, ஜிபே ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ் மூன்றையும் எடுத்து வைத்துக்கொண்டு 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன்.

மகள் சொந்த மார்க்கிலேயே அரசு சட்டக் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். போன வாரம் அதே ஆபீஸிலிருந்து வேறொரு நம்பரில் ஒரு பெண் பேசினார்: “சார், உங்க பையன் இப்ப ப்ளஸ் ஒன் தானே?”