படுக்கையோரத் துப்பாக்கிப் பெட்டி: ஆறு வருட அனுபவம்

2019 கடைசியில் எங்கள் முதல் கைத்துப்பாக்கியை வாங்கினோம். நாங்கள் இருப்பது டெக்சாஸில், ஆஸ்டினுக்கு வடக்கே, ஊர் முடிந்து மேய்ச்சல் நிலம் தொடங்கும் இடத்தில். இரவில் அவசர உதவி எண் 911ஐ அழைத்தால் ஷெரீஃபின் போலீஸ் வண்டி வந்து சேர இருபது நிமிடமாவது ஆகும். வேலை விசாவில் இருந்த வரைக்கும் இந்தப் பேச்சே எழவில்லை. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகளைத் தவிர, அந்த விசாக்காரர்கள் துப்பாக்கி வைத்திருக்க அமெரிக்கச் சட்டம் இடம் தராது. கிரீன் கார்டு வந்த பிறகு, நானும் மனைவியும் பல மாதம் பேசித்தான் முடிவெடுத்தோம். மகளுக்கு அப்போது மூன்று வயது. அதனால் எந்தத் துப்பாக்கி என்பதைவிட எந்தப் பெட்டியில் வைப்பது என்ற யோசனைதான் அதிகம் ஓடியது.

அந்த யோசனையிலும் எத்தனை நொடியில் திறக்கும் என்பதை மட்டுமே பார்த்தேன். கைரேகைப் பெட்டிதான் வேகம் என்று எல்லோரும் சொன்னார்கள். தொண்ணூறு டாலருக்கு ஒன்று வாங்கினேன். கடையிலிருந்து கொண்டுவந்த அன்று, கட்டைவிரலை வைத்ததும் ஒரு நொடியில் மூடி எழும்பியது. மனம் நிறைந்துவிட்டது.

முதல் குளிர்காலத்திலேயே குறை தெரிந்தது. ஹீட்டர் ஓடும் வீட்டில் விரல் வறண்டு வெடித்துவிடும். அப்போது என் ரேகையை நாலு தடவையில் ஒரு தடவைதான் ஏற்கும். பாத்திரம் கழுவிவிட்டு வந்த ஈரக்கையையும் அது ஏற்காது. மனைவியின் விரலோடு அதற்கு எப்போதுமே தகராறுதான். ஒவ்வொரு விரலையும் மூன்று நான்கு கோணத்தில் பதிந்து வைத்தோம், கொஞ்சம் பரவாயில்லை என்று ஆனது. திறக்காமல் போவதுதான் இதன் குறை என்று நினைத்தபடியே நாலு வருடம் ஓட்டினோம்.

2023 அக்டோபரில், அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் அறிவிப்பு ஒன்று வந்தது. ஒரு நிறுவனத்தின் கைரேகைத் துப்பாக்கிப் பெட்டிகள், ஏறக்குறைய 61,000, திரும்பப் பெறப்படுகின்றன என்றார்கள். ரேகை பதிவாகிவிட்டது என்று வாங்கியவர் நம்பிக்கொண்டிருக்க, பெட்டி யார் விரலுக்கும் திறக்கும் நிலையிலேயே இருந்திருக்கிறது. பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் இறந்திருந்தான். என் பெட்டி வேறு நிறுவனத்தினுடையது, அந்தப் பட்டியலில் இல்லை. இருந்தாலும் மனம் கேட்கவில்லை.

அப்போது ஊரிலிருந்து அம்மா வந்திருந்தார். துப்பாக்கியை எடுத்து வேறிடத்தில் பூட்டிவிட்டு, காலிப் பெட்டியை அவர் முன் கொண்டுபோய் வைத்து, இதில் விரலை வையுங்கள் என்றேன். வைத்தார். மூடி எழும்பியது.

“ஏங்கண்ணு, எனக்கே தொறக்குதே?” என்றார்.

அன்றிரவு நான் தூங்கவில்லை. இரண்டு வாரம் முன்புதான் பேட்டரி மாற்றியிருந்தேன். மாற்றும்போது பதிவுகள் எல்லாம் அழிந்து, பெட்டி யார் விரலுக்கும் திறக்கும், புதிதாக வாங்கிய நிலைக்கே போயிருந்தது. எங்களுக்கும் திறந்தது என்பதால் சந்தேகமே வரவில்லை. அந்த இரண்டு வாரமும் மகள் பள்ளி விட்டு வந்து அதே கட்டிலில் உட்கார்ந்துதான் படம் வரைந்தாள். 2024 பிப்ரவரியில் வேறு சில நிறுவனங்களின் பெட்டிகளும் இதே கோளாறுக்காகத் திரும்பப் பெறப்பட்டன.

உங்களிடம் கைரேகைப் பெட்டி இருந்தால், இன்றைக்கே துப்பாக்கியை வெளியே எடுத்துவிட்டு, பதியாத ஒருவரின் விரலை வைத்துப் பாருங்கள். பேட்டரி மாற்றும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்யுங்கள்.

அடுத்து எண் பொத்தான் வைத்த மின்னணுப் பெட்டி ஒன்று வாங்கினேன். அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இதுபோன்ற மலிவான பெட்டிகளில் பூட்டைப் பிடித்திருப்பது ஒரு சிறு ஊசி, அதைத் தாங்குவது ஒரு சுருள்வில். எண் சரியாக இருந்தால் மின்காந்தம் அந்த ஊசியை இழுக்கும். ஓங்கித் தட்டினாலும் ஊசி ஒரு கணம் நகரும். மேசையிலிருந்து ஒரு சாண் உயரம் தூக்கிக் கீழே போட்டபடி கைப்பிடியைத் திருகினேன், மூன்றாவது தடவை திறந்துகொண்டது. ஏழு வயதுப் பிள்ளைக்கு அவ்வளவு பலம் போதும். மறுநாளே கடைக்குத் திரும்பிப் போனது.

2024 தொடக்கத்திலிருந்து எங்களிடம் இருப்பது பேட்டரியே இல்லாத பெட்டி. சிம்ப்ளெக்ஸ் வகை இயந்திரப் பூட்டு, வரிசையாக ஐந்து உலோகப் பொத்தான், பக்கத்தில் ஒரு குமிழ். 260 டாலர் ஆனது. ஒன்பது கிலோ கனம். தகடு மூன்று மில்லிமீட்டருக்கு மேல். பழைய பெட்டியில் அதன் பாதி கூட இல்லை. சிலர் பெட்டியோடு வரும் கம்பியைக் கட்டில் காலில் சுற்றிவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். அந்தக் கம்பியை நல்ல வெட்டுக்கருவி ஒன்று ஒரே கடியில் துண்டாக்கிவிடும். படுக்கையோர மேசையில் போல்ட் போடலாம் என்றால், அது மரத்தூள் அட்டை, பலமாக இழுத்தால் போல்ட் பிய்ந்து வந்துவிடும். இங்கே சுவர்களுக்குள் பதினாறு அங்குலத்துக்கு ஒரு மரச்சட்டம் நிற்கும். கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் அதைத் தேடி, கெட்டி மரத்தில் ஒரு தட்டு அடித்து, பெட்டியின் அடித்துளை வழியாக அதோடு முடுக்கினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் அந்த வேலையிலேயே போனது.

இந்தப் பூட்டில் ஒரு பொத்தானை ஒரு தடவைதான் பயன்படுத்த முடியும். ஆனால் இரண்டு மூன்றைச் சேர்த்து அழுத்தலாம். மொத்தம் 1,082 சேர்க்கைகள். தவறாக அழுத்தினால் காத்திருக்கச் சொல்லாது, எத்தனை தடவை வேண்டுமானாலும் முயலலாம். அதாவது, ஆளில்லாத வீட்டில் நேரத்தோடு உட்கார்ந்தால், பொறுமையான ஒருவன் சில மணி நேரத்தில் திறந்துவிடுவான். வீட்டுப் பிள்ளை, விருந்தாளி, அவசரத்தில் இருக்கும் திருடன் ஆகியோருக்குத்தான் இது. ஊருக்குப் போகும்போது, துணி அலமாரியில் உள்ள பெரிய பெட்டகத்துக்குத் துப்பாக்கி போய்விடும்.

பழக ஒரு மாதம் ஆனது. யாராவது போகிற போக்கில் ஒரு பொத்தானைத் தொட்டிருந்தால் நம் வரிசை பிழையாகிவிடும். அதனால் முதலில் குமிழை இடது பக்கம் திருப்பி அழித்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். ஆரம்பத்தில் இருட்டில் இதை மறந்து மறந்து திணறினேன். இருவரும் துப்பாக்கியை வெளியே வைத்துவிட்டு, விளக்கணைத்து, காலிப் பெட்டியில் தினமும் ஐந்து தடவை பழகினோம். இப்போது தூக்கக் கலக்கத்திலும் மூன்று நொடிதான். கைரேகைப் பெட்டி ஒழுங்காக வேலை செய்த நாளோடு ஒப்பிட்டால் இரண்டு நொடி கூடுதல். அந்த இரண்டு நொடி எனக்கு ஒரு நாளும் குறையாகத் தெரிந்ததில்லை.

தொழிற்சாலையில் வைத்த வரிசையோடு யாரும் விட்டுவிடாதீர்கள், அது ஊருக்கே தெரிந்தது. மாற்றும்போது மூடியைத் திறந்தே வைத்துக்கொண்டு, நாலைந்து தடவை சரிபார்த்த பிறகுதான் மூட வேண்டும்.

குறைகள் உண்டு. உள்ளே விளக்கு இல்லை, பக்கத்தில் டார்ச் வைத்திருக்கிறோம். உள்ளே ஒட்டியிருக்கும் பஞ்சு ஈரம் பிடிக்கிறது. ஒரு கோடையில் துப்பாக்கியின் மேல்பாகத்தில் லேசாகத் துரு கண்டது. சிலிக்கா ஜெல் பை இரண்டு போட்டு, மாதம் ஒருமுறை எண்ணெய் தடவித் துடைத்து வைத்தால் சரியாகிவிடுகிறது.

அப்புறம், இதை மறைக்க விரும்பவில்லை. துப்பாக்கியை வெறுமையாகப் பூட்டி, தோட்டாவைத் தனியாகப் பூட்டச் சொல்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம். தோட்டா அடுக்கிய மேகசின் கூட்டைப் பொருத்தி, குழலில் தோட்டா ஏற்றாமல் படுக்கையோரம் பூட்டி வைக்கும் எங்கள் வழக்கம் அதைவிடத் தளர்வானது. தோட்டா போட்ட துப்பாக்கி 17 வயதுக்குட்பட்டவர்களின் கைக்கு எட்டும்படி விடுவது டெக்சாஸில் குற்றம். சட்டத்தைவிட என்னை அதிகம் உறுத்துவது இன்னொன்று. இந்த நாட்டில் துப்பாக்கியால் நேரும் சாவுகளில் பாதிக்கு மேல் தற்கொலைகள். வீட்டில் யாருக்காவது மனம் சரியில்லாத காலம் வந்தால் துப்பாக்கி வீட்டை விட்டே போய்விட வேண்டும் என்று நானும் மனைவியும் பேசி வைத்திருக்கிறோம். பிள்ளைகள் விருந்துக்கு வரும் நாட்களில் மேகசின் பெரிய பெட்டகத்தில் இருக்கும்.

மகளுக்கு இப்போது ஒன்பது வயது. போன ஏப்ரலில் பக்கத்து அறையிலிருந்து, “அப்பா, நாலு தடவ டக்குனு கேட்டுச்சு” என்றாள். அன்று மாலையே வரிசையை மாற்றினோம். புது வரிசையில் சில பொத்தான்களைச் சேர்த்து அழுத்துகிறோம், எத்தனை என்பது சத்தத்தை எண்ணினால் தெரியாது.