ஊருக்கு வந்து ஓட்டுப் போடச் சொல்ல வாட்ஸ்அப் எவ்வளவு தூரம் உதவும்?

சென்னைக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போனவர்களில் பலருக்கு ஓட்டு இன்னும் ஊரில்தான். வாக்குப்பதிவு நாளில் அவர்களை வரவைக்க எல்லோர் கையிலும் இருக்கும் கருவி வாட்ஸ்அப். அதில் எந்த வசதி இந்த வேலைக்கு ஆகும், எது ஆகாது என்பதுதான் இந்த மதிப்பீடு. தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் தேடல் தளத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அது இல்லாமல் செய்தியில் சொல்ல உருப்படியாக ஒன்றும் இருக்காது.

முதலில் ஸ்டேட்டஸ். விரலில் மை படம், 'வாக்களிப்பது நம் கடமை' என்ற வரி, 24 மணி நேரத்தில் காணாமல் போகும். போட்டவருக்கு மனநிறைவு, அவ்வளவே. 2010 அமெரிக்க நாடாளுமன்றத் தேர்தலன்று ஃபேஸ்புக் சுமார் 6.1 கோடிப் பேரை வைத்து ஒரு சோதனை நடத்தியது. 'இன்று தேர்தல்' என்ற வெறும் தகவலைப் பார்த்தவர்களுக்கும் எதையும் பார்க்காதவர்களுக்கும் வாக்களித்ததில் வித்தியாசம் தெரியவில்லை. அதே தகவலோடு ஏற்கெனவே வாக்களித்த நண்பர்களின் முகங்களையும் பார்த்தவர்களிடம் சிறிய உயர்வு இருந்தது. அந்தத் தாக்கமும் நெருங்கிய நண்பர்கள் வழியாகத்தான் பரவியது. தெரிந்த முகம் வேண்டும். ஸ்டேட்டஸில் முகம் இருந்தாலும் அது யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

ஃபார்வர்டு அதைவிட மோசம். ஒரு முறைக்கு 5 அரட்டைகளுக்குத்தான் போகும். பலமுறை சுற்றி வந்ததென்றால் இரட்டை அம்புக்குறி விழுந்து, ஒரே ஒரு அரட்டைக்குத்தான் அனுப்ப முடியும். அந்த அம்புக்குறியைப் பார்த்ததும் முழுக்கப் படிப்பவர் அரிது.

பிராட்காஸ்ட் லிஸ்ட்தான் ஏமாற்றும் வசதி. 256 பேர் வரை சேர்க்கலாம், தனிச் செய்தி போலவே போய்ச் சேரும், பதிலும் தனியாக வரும். ஆனால் உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அது போகும். பத்து வருடத்துக்கு முன் கூடப் படித்தவர் போனை மாற்றியிருப்பார், உங்கள் எண் அவரிடம் இருக்காது. உங்களுக்கு ஒற்றை டிக்கோடு நிற்கும், 'ஆளு போனை அணைச்சு வெச்சிருக்கான்' என்று நினைத்துக்கொள்வீர்கள். தூரத்து நண்பர்களை எட்டத்தான் இந்த வசதியைத் தேடுகிறோம், அவர்களிடம்தான் அது தவறுகிறது.

மிஞ்சுவது தனி அரட்டை. இதற்கு உதவியாக அரட்டைகளைத் தொகுக்கும் 'லிஸ்ட்' வசதி இருக்கிறது. பிராட்காஸ்ட் வேறு, இது வேறு. 'ஓட்டு' என்று பெயர் வைத்து 15, 20 பேரைப் போட்டுக்கொண்டால் ஒவ்வொருவராக அனுப்பிக்கொண்டே போகலாம், யாரை விட்டோம் என்பதும் தெரியும். அதற்கு மேல் ஆள் சேர்த்தால் கை தானாக காப்பி பேஸ்டுக்குப் போகும், செய்தியிலும் அது தெரிந்துவிடும்.

இப்போது தேடல் தளம். வாக்காளர் அடையாள அட்டை எண், விவரங்கள், மொபைல் எண் என்று மூன்று வழியில் தேடலாம். அட்டை எண் வழிதான் நம்பகமானது: 3 எழுத்தும் 7 இலக்கமும் கொண்ட அந்த எண்ணோடு, திரையில் காட்டும் கேப்சா படத்தின் எழுத்துகளையும் அடித்தால் பாகம் எண், வரிசை எண், வாக்குச்சாவடி எல்லாம் வந்துவிடும். விவரம் கொடுத்துத் தேடினால் செந்தில் என்ற பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுதியிருக்கிறார்கள் என்பதிலேயே தேடல் சறுக்கும். தளம் திணறும் நாட்களில், ஆங்கிலத்தில் ECI என்று அடித்து, இடைவெளி விட்டு, அட்டை எண்ணைப் போட்டு 1950-க்கு எஸ்எம்எஸ் அனுப்பலாம். கிடைத்த பக்கத்தைக் குழுவில் ஸ்கிரீன்ஷாட்டாகப் போடாதீர்கள். அதில் வயது, உறவினர் பெயர் எல்லாம் இருக்கும்.

கையில் விவரம் வந்ததும் செய்தி இப்படி இருந்தால் போதும்:

'மச்சான், உன் ஓட்டு நம்ம ஊர் பள்ளிக்கூடத்துலதான். பாகம் 142, வரிசை 618. வியாழக்கிழமை ராத்திரியே கெளம்புறியா, இல்ல வெள்ளிக்கிழமை காலைலயா?'

கடைசிக் கேள்விதான் சரக்கு. 'வருவியா?' என்று கேட்டால் 'பாக்கலாம்' என்று வரும், அதோடு முடிந்தது. எப்போது கிளம்புவாய், எதில் வருவாய் என்று கேட்டால் பதில் சொல்லும்போதே அவர் பயணத்தை யோசித்துவிடுகிறார். 'அக்கா' என்று கூப்பிடுபவருக்கு 'எத்தனை மணிக்குக் கிளம்புறீங்க அக்கா?' என்று மாற்றிக்கொள்ளுங்கள். எழுத்தைவிடக் குரல் பதிவு நல்லது, அரை நிமிடத்துக்குள். யாருக்கு என்று கேட்கவும் வேண்டாம், சொல்லவும் வேண்டாம். கட்சி வாடை அடித்தால் நண்பர் பதில் போடமாட்டார், அதுவும் வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரம் என்றால் சட்டச் சிக்கலும் உண்டு.

பெரும்பாலோர் கோட்டை விடுவது நேரத்தில். 2024 மக்களவைத் தேர்தலுக்கு மார்ச் 16-இல் அறிவிப்பு, தமிழ்நாட்டில் ஏப்ரல் 19 வெள்ளிக்கிழமை வாக்குப்பதிவு. இடையில் 34 நாள். ரயில் முன்பதிவோ இப்போது 60 நாளுக்கு முன்பே திறக்கிறது. அதாவது தேதி அறிவிக்கும்போதே டிக்கெட் விற்றுக்கொண்டிருக்கும். முதல் செய்தி அன்று மாலையே போக வேண்டும், அதில் ரயில் பெயரும் இருக்க வேண்டும்.

வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்ற சோதனை அதற்கும் முன்னால். வேட்புமனுவின் கடைசி நாளோடு பட்டியல் மூடப்படும். 2024-இல் அது மார்ச் 27, அறிவிப்பிலிருந்து 11 நாள். விண்ணப்பத்தின் மீது ஆட்சேபம் கேட்கவே 7 நாள் விட வேண்டும். பெயர் இல்லாதவருக்குப் படிவம் 6. குடும்பத்தோடு பெங்களூரிலேயே தங்கிவிட்டவரை இழுத்து வருவதைவிட, படிவம் 8 போட்டு அங்கேயே மாற்றிக்கொள்ளச் சொல்வதுதான் முறை.

துபாய், சிங்கப்பூர் நண்பர்களிடம் 'ஆன்லைன்ல போடலாமாம்' என்ற வதந்தியை அனுப்பாதீர்கள். வெளிநாட்டு இந்தியர் படிவம் 6ஏ மூலம் பதிந்து, அசல் பாஸ்போர்ட்டோடு நேரில்தான் வர வேண்டும். 'லீவு கிடைக்கல' என்கிற சென்னை நண்பருக்கு, மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-இன் 135பி பிரிவைச் சொல்லுங்கள்: வாக்களிக்கும் உரிமை உள்ள ஊழியருக்கு அன்று சம்பளத்தோடு விடுமுறை.

முந்தின நாள் செய்தியில் ஆவணத்தை மறக்க வேண்டாம். பூத் சிலிப் மட்டும் போதாது. அட்டை தொலைந்திருந்தால் ஆதார், ஓட்டுநர் உரிமம், பான், படம் ஒட்டிய வங்கிப் பாஸ்புக் போன்றவை செல்லும். நம் ரேஷன் ஸ்மார்ட் கார்டு அந்தப் பட்டியலில் இல்லை. அங்கே இருக்கும் 'ஸ்மார்ட் கார்டு' தேசிய மக்கள்தொகைப் பதிவேட்டின் அட்டை. இந்தக் குழப்பத்தில் வரிசையில் நின்று திரும்பியவர்கள் உண்டு. போனை வாக்குச்சாவடிக்குள் கொண்டுபோக முடியாது என்பதால், டிஜிட்டல் வாக்காளர் அட்டை வைத்திருப்பவர் அதை அச்செடுத்துக்கொண்டு வரட்டும்.

வாக்குப்பதிவன்று நண்பர் குழுவில் வாட்ஸ்அப் 'போல்' ஒன்று போடலாம்: 'போட்டாச்சு', 'வழியில இருக்கேன்' என்று இரண்டே தெரிவுகள். யார் எதைத் தொட்டார் என்று எல்லோருக்கும் தெரியும். ஃபேஸ்புக் சோதனையில் வேலை செய்த நண்பர் முகங்கள் இங்கே இலவசமாகக் கிடைக்கின்றன. மாலை நாலரைக்கும் 'வழியில' என்றே இருப்பவரைச் செய்தியால் துரத்தாமல் போன் போட்டுக் கூப்பிடுங்கள். 2024-இல் போல ஆறு மணி வரை என்றால், ஆறுக்குள் வரிசையில் நின்றால் போதும், டோக்கன் கொடுத்துவிடுவார்கள்.