அல்பா கறுவா, 100 கிராம்: கொழும்பில் வாங்கி டோட்முண்டில் திறந்தது

புறக்கோட்டையில் ஒரு ஏற்றுமதிக் கடையில் 22 வருடம் கறுவா தரம் பிரித்தவன் நான். கறுவா கைக்கு வந்தால் மணம் பார்க்க முதல் குழலின் தடிப்பைத்தான் பார்ப்பேன். ஜெர்மனியில் இருக்கும் மகளிடம் புறப்படும்போது கொழும்பில் ஒரு சிறு நிறுவனத்தின் அல்பா கறுவா, அதாவது கறுவாவிலேயே உயர்ந்த தரம், வாங்கினேன். அட்டைக் குழாயில் 100 கிராம், 950 ரூபா. நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. ஒரு குறை சொல்ல இருக்கிறது, அதை அவர்களுக்கே எழுதி அனுப்பிவிட்டேன்.

முதலில் சரக்கு. அல்பா என்றால் குழல் 6 மில்லிமீற்றருக்கு மேல் தடிக்கக்கூடாது, மேலே செந்நிறத் தழும்பு இருக்கக்கூடாது. குழாயைக் கவிழ்த்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். தடிப்பு சரி, நிறம் வெளிர் பொன், தழும்பு ஒன்றுகூட இல்லை. தோட்டத்தில் மேல்தோலைச் சுரண்டி, பித்தளைக் கோலால் தேய்த்துப் பட்டையை இளக்கி, சின்னக் கத்தியால் கீறிக் கழற்றுவார்கள். அப்புறம் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி 42 அங்குலக் குழலாக்கி நிழலில் உலர்த்துவார்கள். அல்பா அளவுக்கு மெல்லியதாக உரிக்கத் தெரிந்த கை காலியிலும் மாத்தறையிலும் இப்போது குறைந்துகொண்டே வருகிறது. இந்தக் குழாயில் அந்தக் கை தெரிந்தது.

மகள் வீட்டில் ஏற்கெனவே கடையில் வாங்கிய பட்டை இருந்தது. தடித்த ஒற்றைப் பட்டை, இரண்டு பக்கமும் உள்ளே சுருண்டது, விரலால் உடைக்க முடியாதது. அது கசியா, வேறு மரம். இரண்டையும் தனித்தனியாகப் பிளேன்டீயில் போட்டுக் குடித்தோம். கசியா காரமாக நாக்கில் அடித்தது. நம்முடையது இனிப்பாக வந்து, தேநீர் முடிந்த பிறகும் வாயில் நின்றது. ஆட்டிறைச்சிக் கறிக்கு எது போட்டாலும் பரவாயில்லை என்பது என் எண்ணம். மிளகாய்த்தூள் எல்லாவற்றையும் மூடிவிடும். தேநீருக்கும் வட்டிலப்பத்துக்கும் பிள்ளைகளின் பிஸ்கட்டுக்கும் இதுதான் வேண்டும். கசியாவில் குமரின் என்ற பொருள் அதிகம், மிகையாகச் சேர்ந்தால் ஈரலுக்குக் கெடுதி. நம் கறுவாவில் அது மிகச் சொற்பம். 2006இல் ஜெர்மனியில் நத்தார்ப் பிஸ்கட் பற்றி எச்சரிக்கை வந்ததும் இதனால்தான். பேரப்பிள்ளைகளுக்கு எது நல்லது என்று இதைச் சொன்னபோதுதான் மகளுக்குப் புரிந்தது.

அடுத்த நாள் அங்கே ஒரு கடையில் 'சிலோன்' என்று எழுதிய கறுவா கண்டேன். பொதி செய்தது ஜெர்மனியில். நிறையைக் கணக்குப் பார்த்தால் 100 கிராம் கிட்டத்தட்ட 9 யூரோ, நான் கொடுத்ததுபோல மூன்று மடங்கு. குழலைப் பார்த்தாலே அல்பா இல்லை என்று தெரிந்தது. வெகுநேரம் அந்தத் தட்டின் முன்னால் நின்றேன். 22 வருடம் நான் மூட்டை மூட்டையாக அனுப்பியதன் மற்ற முனை இதுதான். மெக்சிக்கோவுக்குத்தான் எங்கள் கடையிலிருந்து அதிகம் போனது, இன்றும் நாட்டின் பெரிய வாடிக்கையாளர் அவர்கள்தான். மூட்டையாகப் போவதற்கு மூட்டை விலைதான் கிடைக்கும்.

தைத்த ஆடையில் டொலர் அதிகம் வருகிறது, ஆனால் துணியில் பெரும்பகுதி வெளியிலிருந்து வாங்கியது. கறுவாவில் மரம், மண், உரிக்கும் கூலி எல்லாமே நாட்டுக்குள். ஆகவே கடைத்தட்டுக்குப் போகும் பொதியையும் நாமே செய்யவேண்டும் என்கிறேன். தேயிலையை இலங்கையிலேயே பொதியிட்டுத் தன் பெயரில் விற்று, அது முடியும் என்று டில்மா நிறுவனர் மெரில் பெர்னாண்டோ காட்டிப் பல வருடமாகிறது. அரசும் சும்மா இருக்கவில்லை. 2018இல் வெளியான தேசிய ஏற்றுமதி உபாயத்தில் வாசனைத் திரவியம் முன்னுரிமைத் துறைகளில் ஒன்று. 2022 பெப்ரவரியில் 'சிலோன் சினமன்' என்ற பெயருக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு, அதாவது அந்த மண்ணின் சரக்குக்கே அந்தப் பெயர் என்ற பாதுகாப்பு, கிடைத்தது, இலங்கைக்கு அங்கே கிடைத்த முதலாவது. அந்தக் குறியீட்டின் நீலமும் மஞ்சளும் கலந்த முத்திரையை இந்தக் குழாயில் தேடினேன், இல்லை. ஏற்றுமதி அபிவிருத்திச் சபையின் கறுவா இலச்சினை மட்டும் இருந்தது. மகளின் பக்கத்து வீட்டுக்காரருக்கு அந்த இலச்சினை எதுவும் சொல்லவில்லை.

இனி அந்தக் குறை. அட்டைக் குழாயின் மூடி தளர்வு, உள்ளே மெத்தையும் இல்லை. பயணப் பெட்டியைத் திறந்தபோது மூடி கழன்று, குழல்களில் பாதி நொறுங்கிக் கிடந்தது. எங்கள் கடையில் நொறுங்கியதைத் தனியாகக் கூட்டி, துண்டுக் கறுவா என்று குறைந்த விலைக்குப் போடுவோம். அல்பாவாகப் புறப்பட்டது துண்டாக வந்து சேர்ந்தது.

அவர்களுக்கு எழுதினேன். பதில் மரியாதையாக வந்தது. நல்ல மூடியுள்ள தகரக் குழாய் வெளிநாட்டிலிருந்து எடுக்கவேண்டும், சுங்கத் தீர்வைக்கு மேல் செஸ் என்ற இன்னொரு இறக்குமதி வரி, துறைமுக விமான நிலைய வரி என்று ஏறிக்கொண்டே போகிறதாம். ஏற்றுமதிக்கென்று தற்காலிக வரிவிலக்கு முறை இருக்கிறது, ஆனால் அதற்குப் பிணை வைக்கவேண்டும். ஐந்து பேர் வேலை செய்யும் இடத்தில் அந்தப் பணத்துக்கு எங்கே போவது? இறக்குமதிக்குப் போடும் வரி கடைசியில் ஏற்றுமதிக்காரன் தலையிலேயே விழுகிறது. இதைச் சரிசெய்ய இன்னொரு பெரிய திட்ட நூல் தேவையில்லை. சிறு ஏற்றுமதியாளருக்குப் பொதியிடும் பொருளைப் பிணை கேட்காமல் விட்டாலே போதும்.

சரக்குக்கு ஐந்துக்கு ஐந்து, பொதிக்கு ஐந்துக்கு இரண்டு கொடுக்கிறேன். கொழும்பில் இருப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். வெளிநாட்டுக்குக் கொண்டுபோகிறவர்கள் குழல்களை எவர்சில்வர் டப்பாவுக்கு மாற்றி, இடைவெளியில் துணி அடைத்துக்கொண்டு போங்கள். மார்கழிக்கு மகள் ஆறு குழாய் கேட்டிருக்கிறாள், நானும் அப்படித்தான் அனுப்பப்போகிறேன்.