பச்சை மை, ஃப்ரீசர், பற்பசை: சிடியின் ஒலியை மாற்றும் வீட்டு வைத்தியங்கள், நீண்ட நாள் பயன்பாட்டில்

சிடியின் வெளி ஓரத்தில் பச்சை மார்க்கர் பூசினால் பாட்டு தெளிவாகும் என்ற வைத்தியம் 1990 வாக்கில் அமெரிக்க ஆடியோ ஆர்வலர்களிடம் பரவியது. இதற்கென்றே தனிப் பேனாவும் விற்றது. லேசர் ஒளி தட்டின் ஓரத்தில் பட்டுத் திரும்பிச் சிதறுகிறது, பச்சை அதை விழுங்கிவிடும் என்பது அதற்குச் சொன்ன காரணம். சிடி பிளேயரின் லேசர் 780 நானோமீட்டர், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. சிவப்பை விழுங்கும் பச்சை மை அகச்சிவப்பையும் விழுங்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. பல சாய மைகள் அந்த அலைநீளத்தில் ஒளியை அப்படியே விடும் ஜன்னல் கண்ணாடி மாதிரிதான் இருக்கும்.

இன்னொரு பக்கம், இந்தப் பூச்சால் காலப்போக்கில் வரும் தொல்லை உண்மையானது. தட்டின் லேபிள் பக்கம் அலுமினியப் படலத்தைக் காப்பது சில மைக்ரான் கனமுள்ள அரக்குப் பூச்சு மட்டுமே. கரைப்பான் கலந்த மார்க்கர் மை ஓரத்தில் அந்த அரக்கை மெலிய வைத்தால் ஈரம் உள்ளே போய் அலுமினியம் அரிபடத் தொடங்கும். காய்ந்த மை உதிர்ந்து டிரேயிலும் லென்ஸ் அருகிலும் தூளாகப் படியும்.

ஒலி மாறியதா என்பதைக் காதை நம்பாமல் சோதிக்கலாம். கணினியில் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி போன்ற மென்பொருளால், ஒரே டிரைவில், மாற்றம் செய்வதற்கு முன்பு ஒருமுறையும் பின்பு ஒருமுறையும் பாட்டைக் கோப்பாகப் பிரித்தெடுங்கள். டிரைவை மாற்றக் கூடாது. ஒவ்வொரு டிரைவும் தொடக்கப் புள்ளியைச் சில சாம்பிள்கள் (ஒலியின் தனித்தனி அளவீடுகள்) முன்பின்னாக எடுக்கும், அதனால் எண் பொருந்தாமல் போகும். ஒவ்வொரு டிராக்குக்கும் மென்பொருள் காட்டும் சிஆர்சி எண்ணை, அதாவது கோப்பின் தரவிலிருந்து கணக்கிட்ட சரிபார்ப்பு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால், தட்டிலிருந்து வந்த ஒவ்வொரு பிட்டும் அதேதான். நொடிக்கு 44,100 சாம்பிள், ஒவ்வொன்றும் 16 பிட்: இவற்றில் எதுவும் மாறவில்லை என்றால் தெளிவு எங்கிருந்து வரும்?

'எனக்கு நன்றாகவே கேட்கிறதே' என்பவரை நாங்கள் பொய்யர் என்று சொல்லவில்லை. ஒரே ஆல்பத்தின் இரண்டு பிரதிகளை எடுத்துக்கொண்டு, முதலில் சிஆர்சி பொருந்துகிறதா என்று பாருங்கள். பிறகு ஒன்றில் மட்டும் மாற்றம் செய்து, எது எதுவென்று தெரியாதபடி வேறொருவரைப் போடச் சொல்லிப் பத்து முறை கேளுங்கள். ஒன்பது அல்லது அதற்கு மேல் சரியாகச் சொல்வது வெறும் யூகத்தில் நூற்றில் ஒரு தடவைதான் நடக்கும். ஐந்து ஆறு என்று நின்றால் வித்தியாசம் தட்டில் இல்லை. இன்னொன்றையும் மறக்கக் கூடாது: மை பூசும் முன் எல்லோரும் தட்டைத் துடைக்கிறார்கள். அழுக்குத் தட்டாக இருந்தால், துடைத்ததே வேலை செய்திருக்கும்.

ஒலி மேம்படும் என்று சிடியை ஃப்ரீசரில் வைக்கும் முறையை நாங்கள் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. தட்டின் பிளாஸ்டிக்கான பாலிகார்பனேட் அலுமினியத்தைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு சுருங்கும், விரியும். 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக்கின் மேல் ஒட்டிய மெல்லிய உலோகத்துக்கு அது தேவையற்ற இழுவை. வெளியே எடுத்ததும் படியும் நீர்த்துளியோடு பிளேயரில் போட்டால் லேசருக்கு ஃபோகஸ் கிடைக்காமல் டிராக் தாவும். செய்தே தீருவேன் என்பவர் காற்றுப் புகாத பையில் போட்டு வையுங்கள். வெளியே எடுத்த பின் அறை வெப்பத்துக்கு வரும்வரை பையைத் திறக்காதீர்கள். சிடியின் காந்தத்தை நீக்கி ஒலியைத் தெளிவாக்கும் என்று சொல்லப்படும் காந்தநீக்கியைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. அலுமினியம் இரும்பைப் போல் காந்தமாகாது.

ஒலி மேம்படும் என்று தட்டின் மேல் ஒட்டும் வளையங்களும் வைக்கும் ரப்பர் பாய்களும்தான் உண்மையில் பிளேயரைக் கெடுப்பவை. சிடி உள் விளிம்பில் நிமிடத்துக்கு சுமார் 500 சுற்று, வெளி விளிம்பில் 200. பதினைந்து பதினாறு கிராம் தட்டுக்காக அமைத்த மோட்டாரில் கூடுதல் எடையை, அதுவும் சற்றே மையம் தப்பி ஏற்றினால் அதிர்வு கூடும். லென்ஸை நகர்த்தும் ஃபோகஸ் சுருள் ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்கும். புழுக்கமான அறையில் பசை இளகி வளையம் நழுவும். தட்டை உள்ளே இழுத்துக்கொள்ளும் கார் பிளேயரில் வளையம் கழன்றால் பிளேயரையே பிரிக்க வேண்டியிருக்கும்.

கீறல் விழுந்த தட்டு வேறு கதை. அங்கே வீட்டு வைத்தியம் ஒலியை மாற்றவே செய்யும். தட்டில் பதிந்துள்ள பிழைதிருத்தக் குறியீடு டிராக்கின் (தரவு பதிந்த சுருள் தடத்தின்) நீளத்தில் சுமார் 2.5 மில்லிமீட்டர் இழப்பைப் பிட் பிசகாமல் மீட்கும். அதற்கு மேல் போனால் பிளேயர் பக்கத்துச் சாம்பிள்களைக் கொண்டு ஊகித்து நிரப்பும். அதுதான் மேல்ஸ்தாயியில் கேட்கும் கரகரப்பு. இன்னும் நீண்டால் ஒலி நின்று போகும், அல்லது டிக் டிக் என்று தெறிக்கும். மையத்திலிருந்து ஓரத்துக்குப் போகும் கீறலை லேசர் நொடியில் கடந்துவிடும். டிராக்கோடு சேர்ந்து வட்டமாகப் போகும் கீறல்தான் ஆபத்து. அதனால்தான் எப்போதும் மையத்திலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைக்கச் சொல்கிறோம்.

முதலில் வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டுக் கழுவி, மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். தின்னர், பெட்ரோல், நகப்பூச்சு நீக்கி மூன்றும் பாலிகார்பனேட்டை மங்க வைக்கும், விரிசல் விட வைக்கும். கழுவியும் சிஆர்சி ஒவ்வொரு முறையும் வேறாக வந்தால் வெள்ளைப் பற்பசை ஒரு பட்டாணி அளவு போதும். ஜெல் வகை வேலை செய்யாது, பல்பொடி புதுக் கீறலே போடும். ஈரத் துணியில் எடுத்து, கீறல் உள்ள இடத்தில் மட்டும் மையத்திலிருந்து ஓரத்துக்கு ஐந்து நிமிடம் தேய்த்துக் கழுவுங்கள். மெல்லிய மங்கல் மிஞ்சினால் பரவாயில்லை. லேசர் கதிர் தட்டின் மேற்பரப்பில் முக்கால் மில்லிமீட்டர் அகலமாக இருப்பதால் சிறு மங்கலைத் தாண்டிப் படிக்கும். லேபிள் பக்கக் கீறலுக்கு மட்டும் எந்த வைத்தியமும் கிடையாது. தட்டை வெளிச்சத்தில் பிடித்து ஊசித்துளை தெரிந்தால் அங்கே தரவே இல்லை.

1980-களில் ஜப்பானில் அச்சான தட்டுகள் பலவற்றில் ப்ரீ-எம்ஃபசிஸ் உண்டு: பதிவின்போதே மேல்ஸ்தாயியைத் தூக்கி வைத்து, பிளேயர் அதை இறக்கும். தூக்கல் 5 கிலோஹெர்ட்ஸில் சுமார் 4.5 டெசிபல், 10-இல் சுமார் 7.6. கணினியில் பிரித்தெடுத்தால் இறக்குவார் யாருமில்லை, பாட்டு சீறும். 'பழைய சிடி எல்லாம் கூர்மையாக ஒலிக்கும்' என்ற குறையில் ஒரு பங்கு இதனால் வருகிறது. ப்ரீ-எம்ஃபசிஸ் இருப்பதைக் காட்டும் குறி சில தட்டுகளில் தட்டின் தொடக்கத்திலுள்ள உள்ளடக்கப் பட்டியலில் இருக்காது, பாட்டோடு கூடவே பதியும் துணைக்குறியீட்டில் மட்டுமே இருக்கும். இரண்டையும் படிக்கும் மென்பொருளால் பாருங்கள். இருந்தால் சாக்ஸ் (SoX) மென்பொருளில் அந்தத் தூக்கலை இறக்கும் டீஎம்ஃப் (deemph) வடிப்பானைக் கோப்பில் ஓட்டுங்கள். அசல் கோப்பை அழிக்க வேண்டாம், வடித்த பிரதியைத் தனியாக வையுங்கள்.